பெயரில்லாத பொத்தான்கள்

காலை ஐந்தரைக்கே அவன் அலுவலகக் கதவைத் திறந்துவிடுவான். மற்ற பதினேழு பேரும் ஒன்பதரைக்கு வருகிறவர்கள். அவர்கள் ஒரு மணி நேரத்தில் முடிக்கிற வேலைக்கு இப்போது அவனுக்கு மூன்று மணி நேரம் பிடித்தது. திறமை ஒன்றும் துருப்பிடித்துவிடவில்லை. கருவி மாறிவிட்டது.

அவனுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. திரையில் இருப்பதைக் கணினி காதில் படித்துச் சொல்லும். அதைக் கேட்டு நிரல் எழுதுவான். மற்றவர்களுக்கு வண்டு இரைவது போல் கேட்கும் அந்த வேகம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நாள் முழுக்கக் காதில் ஏதோ ஓடிக்கொண்டிருப்பதால் அலுவலகத்தில் அவனுக்கு 'ரேடியோ' என்று பெயர். ஊரெல்லாம் பஸ் டிக்கெட் எடுக்கிற நிரலில் பாதிக்கு மேல் ரேடியோ எழுதியதுதான்.

போன மாதம் முதலாளி நிரல் எழுதப் புதிய கருவி ஒன்றை எல்லோர் கணினியிலும் ஏற்றிப் பழையதை அழிக்கச் சொன்னார். புதியது கண்ணுக்கு அத்தனை அழகாம். காதுக்கு அது ஊமை. எழுதும் இடத்துக்குப் போய்ச் சேர நாற்பத்து மூன்று தடவை டேப் கீயை அழுத்த வேண்டும். ஒவ்வொரு தடவையும் 'பெயரில்லாத பொத்தான், பெயரில்லாத பொத்தான்' என்றே குரல் சொல்லும். எண்ணிக்கை ஒன்று தவறினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். விரல் மரத்து, கழுத்து இறுகி, சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும்.

ஒரு நாள் காலை ஏழு மணிக்கு எண்ணிக்கை தவறியது. எந்த வரியில் நிற்கிறோம் என்று குரலிடம் கேட்கும் கீயை அழுத்தினான், பதினைந்து வருடப் பழக்கத்தில். புதிய கருவியில் அதே கீதான் 'வெளியிடு'. நிச்சயமா என்று ஒரு பெட்டி திரையில் வந்து கேட்டது. குரல் அதைப் படிக்கவில்லை. குரல்தான் சிக்கிக்கொண்டது என்று நினைத்து என்டரைத் தட்டினான். பாதி எழுதிய நிரல் ஊரிலுள்ள டிக்கெட் இயந்திரங்களுக்கெல்லாம் போய்விட்டது. நாற்பது நிமிடம் எந்த பஸ் நிலையத்திலும் டிக்கெட் வரவில்லை.

முதலாளி கத்தவில்லை. உட்காரச் சொல்லித் தண்ணீர்கூடக் கொடுத்தார்.

"உங்க மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா மத்த பதினேழு பேரும் பழகிட்டாங்களே."

"அவங்க பாத்துப் பழகினாங்க சார். எனக்கு அது வாயே திறக்க மாட்டேங்குது. அதைச் சரி பண்ணுற வரைக்கும் பழசக் குடுங்க."

"ஒருத்தருக்காக ரெண்டு கருவி வச்சுக் கட்டி மேய்க்க முடியுமா? உங்க குரல் நல்லா இருக்கு. ஃபோன் எடுக்கிற வேலைக்குப் போயிடுங்க. சம்பளம் பாதிதான். சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க."

இல்லையென்றால் என்ன என்று அவர் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை.

தேநீர் அறையில் அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். இந்த வேலைக்காக நான்கு வருடம் படியேறியிருக்கிறான். எல்லா இடத்திலும் கைத்தடியைப் பார்த்ததுமே, சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். இனி எந்தக் கதவைத் தட்டுவது? மனைவி தையல் ஆலையில் முதுகு ஒடிய உழைக்கிறாள். அவளிடம் எந்த முகத்தோடு சொல்வது? சரி என்று தலையாட்டிவிடலாம் என்றுதான் அவனுக்குத் தோன்றியது.

நிரல்களைச் சோதித்துப் பார்க்கும் அக்கா பின்னாலேயே வந்தாள்.

"உனக்கு இது படிக்காதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும் தம்பி. வாங்குறதுக்கு முன்னாடி சோதிச்சப்பவே அறிக்கையில எழுதிக் குடுத்தேன். மேனேஜர் அந்த வரியை அடிச்சிட்டு, எல்லாரும் பயன்படுத்தலாம்னு கையெழுத்துப் போடச் சொன்னாரு. போட்டுட்டேன். வேலை போயிடுமோன்னு பயம்."

அவனுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மாதமாக நாற்பத்து மூன்று, நாற்பத்து மூன்று என்று எண்ணிச் செத்ததெல்லாம் இவளுக்குத் தெரிந்தேதான் நடந்ததா? ஆனால் அவள் அழுவது கேட்டது. அந்தப் பயம் அவனுக்கும் புதிதில்லை. நான் எழுதிக் கொடுத்தால் இப்போதாவது உண்மையைச் சொல்வாயா என்று கேட்டான். சொல்கிறேன் என்றாள்.

கருவி தன்னிடம் பேசாது என்று தெரிந்தேதான் வாங்கினார்கள், அதைச் சரிசெய்யும் வரை தனக்குப் பழையது வேண்டும் என்று அவன் முதலாளிக்குக் கடிதம் எழுதினான். அக்கா அதை மேசை மேசையாகக் கொண்டுபோனாள். ஐந்து பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிறகு, எதற்கும் வாய் திறக்காத மூலைமேசைக்காரன் எழுந்தான். அந்தக் கருவி ரேடியோவிடம்தான் பேசாதாம். மேனேஜரிடம் நன்றாகவே பேசுகிறதாம். யார் எத்தனை வரி எழுதினான், எத்தனை நிமிடம் கீபோர்டிலிருந்து கையை எடுத்தான் என்று மணிக்கொரு தரம் சொல்லிவிடுகிறதாம். கழிப்பறைக்குப் போனதற்கு அந்த மூலைமேசைக்காரன் விளக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறான்.

அதன் பிறகு குனிந்த தலைகளும் நிமிர்ந்தன. இரண்டு வரி கூடுதலாகச் சேர்த்தார்கள்: பழைய கருவியை எல்லோருக்கும் திருப்பித் தர வேண்டும், ஆளை எண்ணுவதை நிறுத்த வேண்டும். அதுவரை யாரும் புதியதைத் தொடப்போவதில்லை. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அவன் பேனா கோணாமல் போட, தடவிப் பார்க்கும்படி வரிக்குக் கீழே மூலைமேசைக்காரன் ஓர் அட்டையைப் பிடித்துக்கொண்டான்.

நாலு மணிக்கு முதலாளி அறைக்குள் பதினெட்டுப் பேரும் நெருக்கிக்கொண்டு நுழைந்தார்கள். அவர் மற்றவர்களை விட்டுவிட்டு அவனிடம் மட்டும் கேட்டார்.

"என்ன முடிவு பண்ணீங்க?"

இன்றே எல்லோரையும் வெளியே அனுப்பினாலும் அனுப்புவார்.

"முடிவு நான் மட்டும் பண்ணல சார்" என்று அவன் கடிதத்தை நீட்டினான்.

முதலாளி அதை வாங்கிக்கொள்ளவில்லை. எல்லோரும் போய் வேலையைப் பாருங்கள் என்றார். அவன் நீட்டிய கையை மடக்காமல் நின்றான். பின்னால் வாசலுக்குத் திரும்பும் ஒரு செருப்புச் சத்தம்கூடக் கேட்கவில்லை.