ஆண்டவர் வழியாக ஒரு சண்டை

தென்காசிச் சபையில் பெண்கள் வெள்ளிக்கிழமைதோறும் கூடி ஜெபிக்கிற சங்கத்துக்குப் பெண்கள் ஐக்கிய சங்கம் என்று பெயர். பெயர் வைத்தவர் யாரோ, ரொம்பவும் நம்பிக்கைக்காரராக இருந்திருக்க வேண்டும். அதே சங்கத்தில்தான் சுகிர்தமும் அவளுடைய அண்ணன் பெண்டாட்டி தங்கபுஷ்பமும் அரை வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள்.

பேச்சுத்தான் இல்லையே தவிர, ஒருத்தி சொல்ல நினைத்தது மற்றவளுக்குப் போய்ச் சேராமல் இருந்ததில்லை. எல்லாம் ஆண்டவர் வழியாகப் போய் வந்துகொண்டிருந்தது.

சண்டை மூண்டது ஐம்பத்தெட்டாம் வருஷத்தில், சபையார் வருஷாவருஷம் கொண்டாடுகிற சங்கப் பண்டிகையில். பண்டிகை என்றால் அசனம் உண்டு. சபையார் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும் சாப்பிடுவார்கள். குழம்பு கொதித்ததும் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு உப்புப் பார்ப்பது எந்த வருஷமும் தங்கபுஷ்பம்தான். அவள் தலையை ஆட்டினால்தான் அண்டா இறங்கும். அந்த வருஷம் பார்த்துக் குற்றாலத்து மலைப்பக்கமிருந்து சாரல் இறங்கி விறகையெல்லாம் நனைத்துவிட்டது. அடுப்பு அணையப் போகிறதே என்கிற பதற்றத்தில் சுகிர்தம் தானே உப்புப் பார்த்து, தானே அண்டாவை இறக்கச் சொல்லிவிட்டாள்.

பந்தியில் ஒரு வாய் வைத்த தங்கபுஷ்பம் இலையைத் தள்ளி வைத்தாள்.

"கடலைக் கலக்கி ஊத்தியிருக்காவளோ," என்றாள், பந்தி முழுக்கக் கேட்கும்படி.

அதுவரை சப்புக்கொட்டிச் சாப்பிட்டவர்களுக்கும் அவள் சொன்ன பிறகு கரித்தது. ஊர் நாக்கு அப்படித்தான். சுகிர்தத்துக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை தங்கபுஷ்பம் முழங்கால் போட்டு, நல்ல செந்தமிழில் தொடங்கினாள். "எங்கள் பரம தகப்பனே, உமது பாதத்தைத் தேடி வந்திருக்கிறோம். யாரையும் கேக்காம அண்டாவ எறக்குத கைகளை நீரே தொட்டுத் திருத்தும்."

எல்லாரும் ஆமென் என்றார்கள். சுகிர்தமும் சொல்ல வேண்டியதாயிற்று.

அதற்கடுத்த வாரம் சுகிர்தம் விடுவாளா? "ஆண்டவரே, பெருமைங்கிற பேயி சில வீடுகள்ல குடியிருக்கு. எந்த வீடுன்னு உமக்குத் தெரியும். தெரியலன்னா, ரயிலடிக்குப் பக்கத்துல நீலக் கதவு போட்ட வீடு."

ஜெபத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. பேசுகிறவள் உன்னிடமா பேசுகிறாள், சர்வவல்லவரிடம் அல்லவா பேசுகிறாள்? இதைவிட வசதியாகச் சண்டை போட எந்த ஊரில் இடம் கிடைக்கும்? சங்கத்துக்கு எட்டிப் பார்க்காதவர்கள்கூட வெள்ளிக்கிழமையானால் சீக்கிரமே வந்து இடம் பிடித்தார்கள்.

இந்த நிலைமையில்தான் சுகிர்தத்தின் மகள் ஞானசுந்தரிக்குக் கடையத்திலிருந்து ஒரு வாத்தியார் மாப்பிள்ளை அமைந்தார். கோயிலில் சபையாருக்கு முன்னால் கல்யாண அறிவிப்பு ஓலையும் வாசித்தாகிவிட்டது. கல்யாணம் என்றால் முதல் அழைப்பு தாய்மாமன் வீட்டுக்கு. மாமனும் அத்தையும் முன்னால் நிற்காத கல்யாணத்தில் பந்தல் போட்டு என்ன, பாட்டுப் பாடி என்ன? அதிலும் ஞானசுந்தரிக்குத் தலை பின்னிவிட்டு வளர்த்ததே அத்தைதான். தங்கபுஷ்பத்துக்குப் பெண் குழந்தை கிடையாது.

"போயிக் கூப்பிட்டுட்டு வாயேன். நாலு தெரு தாண்டுனா வீடு," என்றார் சுகிர்தத்தின் கணவர் நல்லதம்பி.

"நான் போயி நிக்க, மதினி கதவச் சாத்திட்டாவன்னா?"

அதுதான் அவள் பயம். வீராப்பெல்லாம் அந்தப் பயத்துக்குப் போட்ட மேல்சட்டை.

ஆகவே அவள் தெரிந்த வழியிலேயே போனாள். வெள்ளிக்கிழமை முழங்கால் போட்டு, "ஆண்டவரே, என் மக கல்யாணத்துல அவ அத்தை முன்ன நிக்கணும். அந்த மனச நீரே குடும்," என்றாள்.

அவள் முடிக்குமுன் எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் கிளம்பிற்று. "ஆண்டவரே, வெத்தல பாக்கு வச்சு வாசல்ல வந்து கூப்பிடாத வீட்டுக்கு நாங்க எப்படிப் போவோம்? நீரே சொல்லும்."

"வந்தா கதவு தொறக்குமான்னு கேட்டுச் சொல்லும், ஆண்டவரே."

"அந்தக் கதவு சாத்திக் கெடந்து யாரு பாத்தா, ஆண்டவரே?"

மற்றவர்களுக்கு முழங்கால் மரத்துப்போயிற்று. ஆனாலும் ஒருத்தியும் அசையவில்லை. காரியம் பழுக்கிற நேரம் அல்லவா? அந்த நேரம் பார்த்துச் சுகிர்தத்தின் நாக்கில் சனி உட்கார்ந்தது.

"வாரேன், ஆண்டவரே. ஆனா ஊரு முன்னால என் குழம்பப் பழிச்சதுக்கு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லும்."

தங்கபுஷ்பம் ஆமெனுக்குக் காத்திராமல் எழுந்து போய்விட்டாள்.

அந்த வாரம் முழுக்கச் சுகிர்தம் அடுப்படியில் நின்றுகொண்டு அடுத்த ஜெபத்தைத் தயார் செய்தாள். கல்யாணத்துக்கு முன்னால் மிச்சமிருந்தது அந்த ஒரு வெள்ளிக்கிழமைதான். இந்தத் தடவை குழம்பைப் பற்றி மூச்சு விடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டாள். சங்கத்துக்குப் போனால், குருவானவரின் மனைவி ஐயரம்மா, தலைவி என்கிற முறையில் எழுந்து நின்றார்.

"இன்னைக்கு யாரும் வாயத் தொறக்கக் கூடாது. மௌன ஜெபம். ஆண்டவருக்குக் காது நல்லாத்தான் கேக்குது," என்றார்.

சுகிர்தத்துக்குத் திக்கென்றது. கண்ணை மூடிக்கொண்டு, தயார் செய்ததை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். ஓடவில்லை. மதினி காதில் விழாத ஜெபத்தை எதற்காகச் சொல்வது? அப்படி நினைத்ததுமே அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அரை வருஷமாக ஆண்டவரிடம் அவள் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை. அவரைத் தபால்காரராக வைத்திருந்தாள், அவ்வளவுதான். இப்போது அவரிடம் சொல்ல மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று: மதினி இல்லாமல் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதைச் சொன்னதும் கண்ணீர் பொலபொலவென்று வந்தது.

அழுதாலும் புத்தி போகுமா? எதிர்ப்பக்கத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க ஒற்றைக் கண்ணை லேசாகத் திறந்தாள். அங்கே தங்கபுஷ்பமும் ஒற்றைக் கண்ணைத் திறந்து இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

"கண்ண மூடுட்டி," என்றாள், உதடு அசையாமல்.

அரை வருஷத்தில் ஆண்டவர் வழியாக வராமல் நேராக வந்த முதல் பேச்சு அது. சுகிர்தம் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். தங்கபுஷ்பத்தின் தோளும் குலுங்கிற்று. ஐயரம்மா ஒருதரம் தொண்டையைச் செருமினார்.

அன்று சாயங்காலமே தட்டத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு, நல்லதம்பியை முன்னால் விட்டு, சுகிர்தம் நீலக் கதவுக்குப் போனாள். கதவு விரியத் திறந்து கிடந்தது.

"உள்ள வா. வாசல்ல நின்னு எவ்வளவு நேரம் ஜெபம் பண்ணுவ?" என்றாள் தங்கபுஷ்பம்.

கல்யாணத்தன்று ஞானசுந்தரிக்குத் தலை பின்னி, பூ வைத்துக் கோயிலுக்குக் கூட்டிப்போனது அத்தைதான். ஆனால் சமையல் பந்தல் பக்கம் அவள் தலைகாட்டவில்லை. சுகிர்தமே கரண்டியில் குழம்பை எடுத்துக்கொண்டு அவளைத் தேடிப் போனாள்.

"உப்புப் பாருங்க மதினி."

தங்கபுஷ்பம் உள்ளங்கையில் விட்டுப் பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு பெண்ணிடம் திரும்பிப் போய்விட்டாள்.

பெண்கள் பந்தி உட்கார்ந்தது. இத்தனையும் கேட்டிருந்த ஐயரம்மாவுக்கு என்ன தோன்றிற்றோ, "பொண்ணுக்கு அத்தை ஜெபம் பண்ணட்டும்," என்றார். இலைக்கு முன்னால் இருந்த அத்தனை பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கண்ணை மூடினார்கள்.

"எங்கள் பரம தகப்பனே, இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம். பிள்ளைகளை ஆசீர்வதியும். குழம்புல உப்பு சரியா இருக்கு." தங்கபுஷ்பம் நிறுத்தினாள். "அன்னைக்கும் சரியாத்தான் இருந்துச்சு, ஆண்டவரே. ஆமென்."

சுகிர்தம் சொன்ன ஆமென் பந்தலைத் தாண்டித் தெருவில் கேட்டது.