கழற்றி எடுத்துப்போகிற கருவி

ஒயரிங்காரர் கடையில் இரண்டு பெட்டிகளையும் எடுத்து வைத்தபோதே எனக்கும் அண்ணனுக்கும் சண்டை ஆரம்பித்துவிட்டது. எங்கள் டாக்ஸியில் பாட்டுப்பெட்டி படுத்துவிட்டது, பின்னால் பார்க்கக் கேமராவும் இல்லை. ஒரு பெட்டியில் இருந்தது முன்பலகையிலேயே பதிந்துவிடும் பெரிய திரை. வழி, பாட்டு, போன், கேமரா என்று எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். இன்னொரு பெட்டியில் வெறும் பாட்டுப்பெட்டி. அதை வாங்கினால், வழி காட்ட அண்ணனிடம் ஏற்கெனவே இருந்த சின்னக் கருவியையே வைத்துக்கொண்டு காலம் தள்ள வேண்டும். உள்ளங்கை அகலம், கண்ணாடியில் ரப்பர் கிண்ணத்தால் ஒட்டிக்கொள்ளும், திரையில் கீறல் வேறு.

"தனித்தனியா இருந்தாதான்டா நல்லது. ஒண்ணு படுத்தா இன்னொண்ணு ஓடும்," என்றார் அண்ணன்.

"உங்களுது ஓடுற லட்சணம் தெரியாதா? தெரு தாண்டின பிறகு 'திரும்பு'ங்குது."

"எனக்கு அது போதும்."

"எனக்குப் போதாதுண்ணே. வண்டி உங்களுக்கு மட்டுமா?"

ஒயரிங்காரர் இந்த மாதிரிச் சண்டைகளைத் தினமும் பார்ப்பவர். நிதானமாகச் சொன்னார். "பெருசு வண்டியோடயே கிடக்கும். சின்னதுன்னா கழட்டி எடுத்துட்டுப் போகலாம். மத்தபடி வித்தியாசம் ஒண்ணும் பெருசா இல்ல. பெருசை வாங்கிட்டு அந்தச் சின்னப் பழசைக் குடுத்தீங்கன்னா கேமராவைச் சும்மாவே மாட்டித் தரேன்."

அண்ணன் சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

என் கோபத்துக்குக் காரணம் இருந்தது. பதினேழு வருஷமாக நாங்கள் இருவரும் ஒரே டாக்ஸியை ஓட்டுகிறோம். காலை ஐந்திலிருந்து மதியம் இரண்டு வரை அண்ணன். இரண்டு மணிக்குப் பெட்ரோல் பங்க் வாசலில் சாவி கைமாறும். அண்ணன் பத்து நிமிஷம் நடந்து வீட்டுக்குப் போவார். நான் ஓட்டி முடித்து, வண்டியை அவர் வீட்டு வாசலில் விட்டு, சாவியை ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டுப் போவேன். ஒரு வருஷத்துக்கு முன்னால் அந்தச் சின்னக் கருவியை எங்கிருந்தோ பழையதாக வாங்கி வந்தார். சரி, அண்ணனுக்கும் வயதாகிறது, புதுப் புது மேம்பாலம் எல்லாம் வந்துவிட்டது என்று நானும் விட்டுவிட்டேன். ஆனால் இரண்டு மணிக்கு இறங்கும்போது அதைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். கேட்டால், "வெயில்ல கிடந்தா கெட்டுப்போகும்டா" என்பார். என் முறையில் நான் போனை மடியில் வைத்து, ஒரு கண் மடியிலும் ஒரு கண் சாலையிலுமாக ஓட்டுவேன். கூடப் பிறந்தவனுக்குக்கூடக் கொடுக்காமல் அப்படி என்ன கஞ்சத்தனம் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டே இருந்தேன்.

இத்தனைக்கும் ஸ்டாண்டில் அவர் பெயர் சந்துக்காரர். எந்தச் சந்து எந்தச் சந்தில் முட்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார் என்பார்கள். அந்த மனிதர் கண்ணாடியில் கருவியை ஒட்டியதும் ஸ்டாண்டில் கேலி தாங்கவில்லை. "என்ன சந்துக்காரரே, அந்தப் பொட்டிக்கு நீங்க வழி சொல்றீங்களா, உங்களுக்கு அது சொல்லுதா?" அண்ணனும் சேர்ந்து சிரிப்பார்.

கடைச் சண்டை நடந்த வாரமே அண்ணன் காய்ச்சலில் படுத்தார். பார்க்கப் போனேன். நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணி, சட்டைப்பையிலிருந்து எடுத்து வைத்த கருவியை என்னிடம் நீட்டினார்.

"இது வண்டிச் சாமான்தானே தம்பி? எடுத்துட்டுப் போங்க. ரெண்டு நாளா நீங்கதானே முழுசா ஓட்டுறீங்க."

அவருக்கு ஒன்றும் தெரியாது. எனக்கும்தான். நான் நேராக ஒயரிங்காரர் கடைக்குப் போனேன். பழசைக் கொடுத்தேன். பெரிய திரை மாட்டி, கேமராவும் மாட்டி, மூன்று மணி நேரத்தில் வண்டி ஜம்மென்று ஆகிவிட்டது. அண்ணன் எழுந்து வரட்டும், பார்த்ததும் வாயடைத்துப் போவார் என்று எனக்கு ஒரே குஷி.

மூன்றாம் நாள் விடியற்காலையில் அவர் வண்டி எடுக்க வந்தபோது வேண்டுமென்றே நானும் போயிருந்தேன். கதவைத் திறந்தவர் திரையைப் பார்த்தார். பிறகு முன்கண்ணாடியைப் பார்த்தார்.

"பழசு எங்கடா?"

"கடையில குடுத்துட்டேன். இனிமே அது எதுக்கு? இதோ கியாரண்டி கார்டு, பத்திரமா வைங்க."

கார்டைப் பையில் வைத்துக்கொண்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்து நான் பதிலெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் திட்டவில்லை. "நல்லா பெருசா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

இரண்டு மணிக்குப் பங்க்கில் சாவியைக் கொடுத்தார். கொடுத்துவிட்டும் போகவில்லை. கதவில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"என்னை வீட்ல விட்டுட்டுப் போறியாடா?"

"பத்து நிமிஷ நடைண்ணே. எனக்குச் சவாரி காத்துக்கிட்டிருக்கு. காய்ச்சல்ல கிடந்த உடம்பு, கொஞ்சம் நடந்தாதான் தெம்பு வரும்."

"அதுவும் சரிதான்," என்று சிரித்தார். கையை எடுத்துக்கொண்டார்.

அந்தச் சவாரியில் யார் ஏறினார்கள், எங்கே இறங்கினார்கள் என்று இன்று எனக்கு நினைவில்லை. அவர் கையை எடுத்துக்கொண்டதுதான் நினைவிருக்கிறது.

மூன்றரைக்கு அண்ணியின் போன். "உங்க அண்ணன் உங்களோடயா இருக்கார்? இன்னும் சாப்பிட வரல. ரெண்டு தடவை போன் போட்டேன். வந்துக்கிட்டே இருக்கேன்னு சொல்லி வெச்சிட்டார். இப்ப எடுக்கவே மாட்டேங்கிறார்."

நான் பங்க்குக்குத் திரும்பி ஓடினேன். அங்கிருந்து அவர் வீட்டுக்கு மூன்றே திருப்பம். மூன்றிலும் இல்லை. மருந்துக்கடையில் கேட்டேன். சலூனில் கேட்டேன். ஸ்டாண்டில் நான்கு வண்டிகள் நான்கு பக்கம் கிளம்பின. சந்துக்காரர் காணாமல் போய்விட்டார் என்று சொன்னபோது முதலில் எல்லோரும் சிரித்தார்கள். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினார்கள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

ஐந்தேமுக்காலுக்கு ஒயரிங்காரர் கூப்பிட்டார். "உங்க அண்ணன் இங்கதான் இருக்கார். வந்து கூட்டிட்டுப் போங்க. மெதுவா வாங்க, ஒண்ணும் ஆகல."

கடை ஊரின் இன்னொரு கோடியில் இருந்தது. நான் போனபோது அண்ணன் உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். செருப்பெல்லாம் புழுதி. ஒயரிங்காரர் என்னை வாசலுக்கு இழுத்துப் போனார்.

"கையில நம்ம கடை விலாசம் போட்ட கியாரண்டி கார்டை வெச்சுக்கிட்டு, போறவன் வர்றவன்கிட்டயெல்லாம் காட்டிக் காட்டி, ரெண்டு பஸ் மாறி வந்திருக்கார். அந்தப் பழசைத் திருப்பிக் கேட்கிறார். நான் அதுல இருந்ததை அன்னிக்கே அழிச்சு வித்துட்டேனே." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். "அழிக்கும்போதே பார்த்தேன். அதுல இருந்தது மொத்தம் ஆறு இடம். வீடு, பங்க், ஸ்டாண்டு, மருந்துக்கடை, சலூன், தம்பி வீடு. எல்லாத்தையும் நடந்து போற வழியா மாத்தி வெச்சிருந்தார். சொந்த வீட்டுக்கு வழி போட்டு வெச்சிருக்காரே, என்ன ஆளுய்யா இதுன்னு சிரிச்சேன். உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்."

அவர் மேல் தப்பில்லை.

அண்ணனை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஒரு சிக்னலில் நின்றபோது தானாகச் சொன்னார்.

"ஒரு வருஷமா இப்படித்தான்டா. வண்டியில இருந்தா பரவாயில்ல, சவாரி சொல்ற இடத்தைப் போட்டா அது கூட்டிட்டுப் போயிடும். இறங்கி நடந்தாதான் தெருவெல்லாம் ஒரே மாதிரி இருக்கு."

"ஆட்டோ பிடிச்சு வீட்டுக்குப் போயிருக்கலாமேண்ணே."

"எந்தத் தெருன்னு கேட்பானே," என்றார்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா சாவியை வாங்கிடுவ."

நான் இல்லை என்று சொல்லவில்லை. அதுதான் உண்மை. இப்போதும் வாங்கத்தான் போகிறேன் என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது. சிக்னல் பச்சையானது. பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான்.

வாசலில் நின்றிருந்த அண்ணி ஓடி வந்து அவர் தோளில் ஓர் அடி வைத்தார், பிறகு அதே தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் எல்லாவற்றையும் அண்ணியிடம் சொன்னேன். அண்ணன் எதிரிலேயே சொன்னேன். ஒளித்து வைத்துக் கெடுத்தது போதும். அண்ணன் குற்றம் செய்த பையனைப் போலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று வண்டியை நான் என் வீட்டுக்கே ஓட்டி வந்துவிட்டேன். பதினேழு வருஷத்தில் முதல் தடவை.

மறுநாள் காலை ஐந்துக்கு அண்ணி கூப்பிட்டார். "குளிச்சு, சட்டையை மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கிறார் தம்பி. வண்டி வரலையேன்னு கேட்கிறார். நேத்து நடந்ததெல்லாம் ஞாபகம் இருக்கு. இருந்தும் நிக்கிறார். நான் என்ன செய்யட்டும்?"

போனேன். தெருவிளக்கு இன்னும் அணையவில்லை. தேய்த்த சட்டை, வாரிய தலை, சவாரிக்குப் போகிற கோலம். வண்டி நின்றதும் வழக்கம்போல ஓட்டுநர் பக்கத்துக் கதவுக்கு வந்தார். நான் இறங்கவில்லை. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தேன். அதைவிடக் கொடுமையான வேலையை என் வாழ்நாளில் நான் செய்ததில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பின்கதவைத் திறந்து, சவாரிக்காரர்கள் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தார்.

"எங்கண்ணே போகணும்?" என்றேன்.

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கயாவது போடா. திரும்பி வர உனக்கு வழி தெரிஞ்ச இடமா போ."

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டேன்.