வேலை முடிந்த கார்

சுத்தியலை மூன்றாவது தடவை ஓங்கியபோது ஹில்லா கொட்டகைக்குள் வந்துவிட்டாள். நான் அடித்துக்கொண்டிருந்தது எங்கள் சொந்தக் காரின் கதவை. ஏழு மாதமாக நானும் என் மகளும் சேர்ந்து வெட்டி, ஒட்டி, தேய்த்து, போன ஞாயிற்றுக்கிழமைதான் மஞ்சள் பெயின்ட் அடித்து மெழுகு போட்டு முடித்த கார். அவள் பேருந்திலிருந்து இறங்கி நேராக வந்திருந்தாள், தோளில் பை அப்படியே தொங்கியது.

"என்னப்பா பண்றே?"

"கொஞ்சம் நெளிச்சு வைக்கிறேன்."

"பைத்தியமா உனக்கு?"

சொல்வதற்கு நியாயமான காரணம் ஒன்று என்னிடம் இருந்தது. மறுநாள் பந்தயம். கோடை வந்தால் எங்கள் பக்கத்துப் பழைய மணல் குவாரிகளில் நடக்கிற ஓட்டைக் கார் பந்தயம். அதில் ஒரு சட்டம் உண்டு. பந்தயம் முடிந்த அரை மணி நேரத்துக்குள், பந்தய லைசென்ஸ் வைத்திருக்கிற எவரும், அன்று ஓடிய எந்தக் காரையும் விலைக்குக் கேட்டுச் சீட்டு எழுதிப் போடலாம். எல்லாக் காருக்கும் ஒரே விலை. ஒருவருக்கு மேல் கேட்டால் குலுக்கல். சொந்தக்காரன் மாட்டேன் என்று சொல்ல முடியாது, சொன்னால் லைசென்ஸ் போய்விடும். பணக்காரன் காசைக் கொட்டி ஜெயிக்கக் கூடாதென்று யாரோ ஒரு புண்ணியவான் வைத்த சட்டம். அதனால் எங்கள் ஆட்கள் எஞ்சினைத் தங்கமாக வைத்துக்கொண்டு வெளிப்பக்கத்தைப் பார்க்கச் சகிக்காமல் வைத்திருப்பார்கள். பக்கத்துத் தோட்டத்து பென்ட்டி தன் கார்க் கூரையில் மீன் எண்ணெயைத் தடவிக்கொண்டு வருவான். ஆறு வருஷமாக அதை யாரும் கேட்டதில்லை. ஹில்லாதான் மஞ்சள் வேண்டும், இரண்டு பூச்சு வேண்டும், மெழுகும் வேண்டும் என்று நின்றவள்.

உண்மையான காரணம் வேறு. நானும் அவள் அம்மா கிர்சியும் பிரிந்து நாலு வருஷமாகிறது. ஹில்லா அம்மாவோடு செய்னயோகி நகரத்தில் இருக்கிறாள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அப்பா வீடு என்று பிரிந்தபோது போட்ட ஒப்பந்தத் தாளில் எழுதியிருந்ததால் வந்தாள். வந்து போனும் கையுமாக அறையில் உட்கார்ந்திருப்பாள், ஞாயிற்றுக்கிழமை பேருந்துக்குக் கால் மணி நேரம் முன்பே ஷூ போட்டுக்கொண்டு வாசலில் நிற்பாள். நானும் பேசத் தெரிந்தவன் இல்லை. போன அக்டோபரில் இந்தக் காரை ஒரு களத்து மேட்டிலிருந்து இழுத்து வந்து கியர் பெட்டியை இறக்கும்போது, மறுபக்கம் பிடிக்க ஆளில்லாமல் அவளைக் கூப்பிட்டேன். வந்து பிடித்தாள். அதற்கப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்பது வாராவாரம் ஆயிற்று. காருக்கு அடியில் பக்கத்தில் பக்கத்தில் மல்லாந்து படுத்திருக்கும்போது அவளுக்குப் பேச்சு வந்தது. கணக்கில் வாங்கின முட்டை, பேச்சை நிறுத்திவிட்ட தோழி, அம்மாவின் புது நண்பர் விடுகிற குறட்டை எல்லாம் சொன்னாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பேசுவது எங்கள் இருவருக்குமே சௌகரியமாக இருந்தது. வருகிற வசந்தத்தில் அவளுக்குப் பதினெட்டு. அப்புறம் எந்தத் தாளும் அவளை என்னிடம் அனுப்பாது. கார் போய்விட்டால் எதற்காக வருவாள்? இதை வாயால் கேட்க வக்கில்லாமல்தான் சுத்தியலை எடுத்தேன்.

"யாராவது கேட்டுட்டாங்கன்னா கார் போயிடும், தெரியுமில்ல?" என்றேன்.

"கேக்கட்டுமே."

சுத்தியலை என் கையிலிருந்து வாங்கி ஆணியில் மாட்டினாள். கதவின் உள்பக்கம் கைவிட்டு, மரச்சுத்தியால் நான் போட்ட நெளிசல்களை ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்தாள். நல்ல கை. நான்தான் பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேக்கட்டுமே என்ற அந்தச் சொல்லைக் காலைக் காப்பி வரைக்கும் மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை குவாரியில் பெயர் கொடுக்கும் மேஜையிலிருந்து ஹில்லா நாலைந்து தாள்களைக் கொண்டுவந்து நீட்டினாள். "கையெழுத்துப் போடுப்பா. மைனர்னா அப்பா போடணுமாம்." என் மூக்குக்கண்ணாடி வேனில் இருந்தது. காட்டின இடத்திலெல்லாம் போட்டேன்.

இந்தப் பந்தயத்துக்குப் பதினைந்து வயதிலேயே லைசென்ஸ் உண்டு, அதனால் ஓட்டினது ஹில்லாதான். முதல் சுற்றில் மூன்றாவதாக வந்தாள். இரண்டாவது சுற்றில் அவளுக்கு முன்னால் போன நீலக் கார் ஒன்று வளைவில் மேடேறி மூன்று குட்டிக்கரணம் போட்டு மல்லாந்தது. அதை ஓட்டிய பையன் ஜன்னல் வழியாக ஊர்ந்து வெளியே வந்து கூட்டத்துக்குக் கும்பிடு போட்டான். எல்லாரும் கைதட்டினார்கள். என்னால் தட்ட முடியவில்லை, கையில் வாங்கின சாசேஜ் மணலில் கிடந்தது. புழுதி அடங்கினபோது மஞ்சள் கார் அந்த மல்லாந்த காரைச் சுற்றிக்கொண்டு அழகாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசிச் சுற்றில் அவள் இரண்டாவது. என் வாழ்நாளில் நான் இரண்டாவதாக வந்ததே இல்லை.

எங்கள் காருக்குப் பதினோரு சீட்டு விழுந்திருந்தது. மைக் பிடித்திருந்த லெம்பி, தகர டப்பாவைக் குலுக்கி ஒரு சீட்டை எடுத்தாள். இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணுக்கு விழுந்தது. ஹில்லா ஓடிப்போய் அந்தப் பெண்ணுக்கு வண்டியைக் காட்டினாள். "மூணாவது கியரை கொஞ்சம் மேல தூக்கித் தள்ளணும், அவசரப்பட்டா கோவிச்சுக்கும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. காலி டிரெய்லருக்குப் போய், கட்ட ஒன்றுமில்லாத பட்டைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் லெம்பியின் குரல் மறுபடி கேட்டது. "நாப்பத்தொண்ணாம் நம்பர் நீலக் கார். ஆமாங்க, அதேதான், குட்டிக்கரணம் போட்டதுதான். கேட்டிருக்கிறது ஒரே ஒரு ஆளு." சிரிப்பு அடங்கக் காத்திருந்தாள். "மஞ்சக் கார் ஹில்லா. அம்மாடி, நல்லா யோசிச்சுத்தான் எழுதினியா?"

ஹில்லா டிரெய்லரைப் பார்த்து வந்துகொண்டிருந்தாள்.

"எப்படி கேட்டே நீ?"

"காலையில வெத்துச் சீட்டுல நீதானே கையெழுத்துப் போட்டே. அப்புறமா நம்பரை எழுதிப் போட்டேன். கண்ணாடி இல்லாம எதுல வேணா போடுவியா?"

"அந்தக் கார்ல என்னடி இருக்கு?"

"ஒண்ணுமே இல்ல. அதான்." டிரெய்லரின் டயரை ஷூ நுனியால் இரண்டு தட்டுத் தட்டினாள். "நம்ம கார் போன ஞாயித்துக்கெழமையே முடிஞ்சிருச்சுப்பா. பஸ்ல போறப்ப யோசிச்சேன். அடுத்த வாரம் வந்து என்ன பண்றது, துடைச்சு துடைச்சு வைக்கிறதா? யாராச்சும் எடுத்துட்டுப் போனாத்தானே..."

பட்டையைச் சுருட்டுகிற சாக்கில் திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினேன்.

விலை ஒன்றுதான் என்பதால் மஞ்சள் காருக்கு வந்த காசு அப்படியே நீலக் காருக்குப் போயிற்று. அந்தப் பையன் எங்களை மேலும் கீழும் பார்த்தான், யாராவது மனம் மாறிவிடப் போகிறார்களோ என்று ஓடியே போனான். கதவு திறக்கவில்லை. ஹில்லா ஜன்னல் வழியாக நுழைந்து, நசுங்கின கூரைக்கடியில் குனிந்து ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டாள். நான் பின்னாலிருந்து தள்ளினேன். அடிச்சட்டமே கோணியிருந்தது. பழைய இரும்புக்காரன்கூட யோசிப்பான்.

"எவ்வளவு நாள் ஆகும்?" உள்ளேயிருந்து கேட்டாள்.

"கூரைக்கே ஒரு குளிர்காலம் போயிடும். எஞ்சினுக்குத் தனியா ஒண்ணு. கதவு கிடைக்கிறது கஷ்டம்."

"சரி, பரவாயில்ல."

நீலக் காரை டிரெய்லரில் ஏற்றிக் கட்டிக்கொண்டு வேனில் கிளம்பினோம். இருவருமே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நேத்து எதுக்குக் கதவை அடிச்சே?"

"யாரும் கேக்கக் கூடாதுன்னு."

"அது தெரியும். எதுக்கு?"

"கார் போயிடுச்சுன்னா நீ வரமாட்டியோன்னு."

"லூசு அப்பா," என்றாள். பையிலிருந்து உப்பு மிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்து எனக்கு இரண்டு கொடுத்தாள்.

கூட்டுரோட்டில் எங்கள் மஞ்சள் கார் வேறொருவர் டிரெய்லரில் இடது பக்கம் திரும்பிப் போயிற்று. ஹில்லா அதைப் பார்க்கவில்லை, பக்கக் கண்ணாடியில் பின்னால் வருகிறதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கயிறு போட்டுக் கட்டியும் நீலக் காரின் பானெட் காற்றில் வாயைத் திறந்து திறந்து மூடியது. வண்டி குலுங்கும்போதெல்லாம் அதன் வயிற்றிலிருந்து குவாரி மணல் கொஞ்சம் கொஞ்சமாக ரோட்டில் சிந்திக்கொண்டே வந்தது.