நித்திரை கொண்ட டிரைவர்

போன கிழமை, வேலைக்கான வீடியோ நேர்முகத்தில் ஷாமினியின் முகம் திறந்த வாயோடு திரையில் உறைந்துபோனது. கொம்பனிக்காரர் நல்ல மனிதர். இன்று பத்து மணிக்கு இன்னொருமுறை பேசலாம் என்றிருந்தார். கிடைத்தால் மானிப்பாயில், வீட்டிலிருந்தே வேலை. கிடைக்காவிட்டால் கொழும்பில் சொல்லிவைத்த இடத்துக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான். கல்யாணம் முடித்த கையோடு கட்டாருக்குப் போன கணவன் ஜெரிசன், காங்கேசன்துறையில் வேலை எடுத்து இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறான். திரும்பவும் ஆளுக்கொரு திசையா?

கைபேசியில் வைஃபை பறந்தது. அதே மேசையில், நேர்முகத்தில் வேலையைச் செய்துகாட்ட வேண்டிய, லினக்ஸ் போட்ட பழைய மடிக்கணினியில் ஊர்ந்தது. லீவு போட்டு நின்ற ஜெரிசன் ரூட்டரைத் தூக்கி அலுமாரிக்கு மேலே வைத்தான். பிறகு ஜன்னலில் வைத்தான். பக்கத்து வீட்டு முருங்கையையும் ஒருமுறை முறைத்துப் பார்த்தான்.

“ரூட்டரிலை ஒண்டும் இல்லையப்பா. டிரைவரிலைதான் ஏதோ பிழை,” என்றாள் ஷாமினி.

“யாழ்ப்பாணத்து டிரைவர்மார் எல்லாரும் பறக்கினம். உமக்கெண்டு வாய்ச்சவர் மட்டும் மாட்டுவண்டிக்காரர்.”

வைஃபையை ஓட்டும் மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர் என அவள் சொன்ன நாளிலிருந்து இந்தப் பகிடி ஓய்ந்தபாடில்லை. வேறு நேரமென்றால் சிரித்திருப்பாள். டிரைவரைக் கழற்றி மறுபடி ஏற்றினாள், புதிய பதிப்பைப் போட்டாள். ஒன்றும் அசையவில்லை. இணையத்தில் யாரோ எழுதியிருந்தபடி ஒரு கட்டளையைத் தட்டிப் பார்த்தாள். வைஃபைக்கு மின்சேமிப்பு போட்டிருப்பதாகக் காட்டியது. சும்மா இருக்கிற நொடியெல்லாம் அது நித்திரைக்குப் போகிறது, ஒவ்வொரு தரமும் எழுப்ப வேண்டியிருக்கிறது.

எந்த விசரன் பார்த்த வேலை இது என்று வாய்வரை வந்தது. அவளேதான். நாடு முழுக்க மணிக்கணக்கில் கறண்ட் வெட்டிய அந்த வருசம், கைபேசி இணையத்தில் பேசும்போது மடிக்கணினியின் பற்றறி இன்னும் கொஞ்சம் நின்றுபிடித்தால் கட்டாரிலிருக்கிறவனின் முகத்தை இன்னும் கொஞ்சம் பார்க்கலாமே என்று தேடிப் படித்துப் போட்டது. கறண்ட் ஒழுங்காக வரத் தொடங்கி எவ்வளவோ காலமாகிவிட்டது. கணினிக்குத்தான் அதை யாரும் சொல்லவில்லை.

அதோடு இன்னொன்றும் உறைத்தது. அந்த நாட்களில் “என்னை நினைக்கிறனியளோ?” என்று கேட்டால் அவன் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பான். பிறகுதான் “ஓம்” வரும். யோசித்துச் சொல்கிறான் என்று எத்தனை தரம் அழுதிருப்பாள், எத்தனை தரம் கோபத்தில் அழைப்பை வெட்டியிருப்பாள்.

“இஞ்சருங்கோ, நீங்கள் உடனைதான் ஓம் சொல்லியிருக்கிறியள். இதுதான் பிந்தித் தந்திருக்கு.”

ஜெரிசன் கணினியைப் பார்த்தான். “நான் அப்பவே சொன்னனான். நீர்தான் நம்பேல்லை.”

அவளுக்கு வெட்கமும் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மின்சேமிப்பை நிறுத்தினாள். சோதித்துப் பார்க்க அவன் கைபேசியோடு வீட்டுக்கு முன்னால் உள்ள ஒழுங்கைக்கு ஓடிப்போய் வீடியோவில் வந்தான்.

“என்னை நினை…”

“ஓம்!”

அவள் ஏதோ சொல்ல வாய் எடுப்பதற்குள் கொம்பனி அழைப்பு வந்துவிட்டது. அவனை வெட்டிவிட்டு எடுத்தாள்.

“ஷாமினி, இண்டைக்குக் கேக்குதோ?”

“ஓம் சேர். வடிவாக் கேக்குது.”

ஒழுங்கை முனையில் மீன்காரரின் ஹோர்ன் ஒருதரம் அலறி, பாதியில் நின்றது. ஜெரிசன் இரண்டு கையையும் விரித்து மறித்துக்கொண்டு நின்றான். மீன்காரர் எஞ்சினை நிறுத்தி இறங்கி, மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு அவளுடைய ஜன்னலைக் கடந்தார். பின்னால் ஜெரிசன் மீன்பெட்டியைப் பிடித்து, சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு போனான்.