நீல ஏப்ரன்

அவர் 'நம்ம மேஜை' உணவகத்துக்குள் முதன்முதலில் நுழைந்தது பசியால் அல்ல. பசிக்கு வீட்டில் குளிர்பெட்டி இருந்தது. அதற்குள் மகன் எங்கிருந்தோ வரவழைத்து அனுப்பிய சாப்பாட்டு டப்பாக்கள், சம்பள உயர்வு மறுக்கப்பட்ட குமாஸ்தாக்களைப் போல முறைத்துக்கொண்டு வரிசையாக நின்றன. காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வட்டார மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வுக்குப் பிறகும் மேலாளராகத்தான் இருந்தார். மேய்ப்பதற்கு ஆள் இல்லை, அவ்வளவுதான். மனைவி போன பிறகு அந்த வீட்டில் அவர் சொல்படி நடந்தது சுவர்க் கடிகாரம் ஒன்றுதான். பாட்டரி தீர்ந்ததும் அதுவும் கைவிரித்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் தொலைபேசியில் வருவான்.

"சாப்பிட்டீங்களாப்பா?"

"ஆச்சு."

"உடம்பு?"

"இருக்கு."

வாரத்தின் பேச்சு அத்தோடு தீர்ந்தது. சாப்பாட்டு மேஜைக்கு இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அவர் உட்காருவார். மற்றதில் பழைய செய்தித்தாள்கள் உட்கார்ந்திருந்தன. அவற்றை எடைக்குப் போட்டால் நாற்காலி காலியாகிவிடுமே என்று அவர் போடவில்லை.

ஒரு மத்தியானம் கால்போன போக்கில் நடந்தவர், சன்னல் கண்ணாடி வழியாக ஒரு நீண்ட மேஜையையும், அதன் இருபுறமும் ஆட்கள் உட்கார்ந்து சாப்பிடுவதையும் பார்த்தார். எதிரே ஆள் உள்ள மேஜையைப் பார்த்து வெகுநாளாகியிருந்தது. சும்மா மேற்பார்வையிட்டு வரலாம் என்று தனக்குத்தானே உத்தரவு போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

அந்த இடத்தின் முறை எளிமையானது. விலைப்பட்டியல் கிடையாது. முடிந்தவர்கள் முடிந்ததை வாசலில் உள்ள மூடிய பெட்டியில் போட்டுவிட்டு மேஜைக்குப் போகலாம். முடியாதவர்கள், பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் உள்ள நான்கு கொக்கிகளில் ஒன்றிலிருந்து நீல ஏப்ரனை எடுத்து மாட்டிக்கொண்டு சமையலறைக்குப் போய்க் காய் நறுக்கிவிட்டுச் சாப்பிடலாம். ஏன், எதற்கு என்று யாரும் கேட்கக்கூடாது. ஏப்ரனே பதில். பணம் கொடுத்தவர்கள் சமையலறைக்குள் வரக்கூடாது என்றும் ஒரு விதி உண்டு. ஆரம்பத்தில் வந்த புண்ணியவான்கள் சிலர், ஏழைகள் வெங்காயம் உரிப்பதைப் படம் பிடித்துக் கண்கலங்கிவிட்டுப் போனதால் வந்த விதி.

இவ்வளவும் சுவரில் பலகையாகத் தொங்கியது. பலகை படிப்பது தனக்குக் கீழே உள்ளவர்களின் வேலை என்பது மேலாளரின் பணிக்காலப் பழக்கம். அவர் கண்ணில் பட்டது ஏப்ரன் மட்டும்தான். எப்போதோ ஒரு பெரிய ஓட்டலில் நடந்த கம்பெனி விருந்தில், சட்டையில் சிந்தாமலிருக்க எல்லோர் கழுத்திலும் துணி கட்டிவிட்டார்கள். ஓகோ, தரமான இடம்தான் என்று நினைத்துக்கொண்டு, ஒரு ஏப்ரனை எடுத்துச் சட்டைக்கு மேல் கட்டி, பரிமாற வரட்டும் என்று நிமிர்ந்து நின்றார்.

ஒருங்கிணைப்பாளர்ப் பெண் அவரைப் பார்த்துவிட்டு மரியாதையாகக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். "இந்தப் பக்கம் வாங்க ஐயா," என்றாள், ஆஸ்பத்திரியில் பேசுகிற குரலில்.

முக்கியஸ்தர்களுக்குத் தனி அறை போலிருக்கிறது என்று அவர் பின்னால் போனார். தனி அறைதான். நடுவில் ஒரு பெஞ்சு. அதன் மேல் கேரட் மலை. அவர் கையில் ஒரு கத்தியைக் கொடுத்துவிட்டு அவள் போய்விட்டாள்.

தெரியாமல் மாட்டிக்கொண்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் தன் வாழ்நாளில் எதையும் தெரியாமல் செய்ததாக ஒப்புக்கொண்டதில்லை. அதைவிடக் கேரட் வெட்டுவது கௌரவமாகப் பட்டது. வெட்டினார்.

பக்கத்தில் இருந்தவர் கொஞ்ச நேரம் பார்த்தார். லாரி ஓட்டியவர், ஒரு கண் மங்கிப்போனதால் லைசென்ஸ் போய், மகள் வீட்டு மூலையில் ஒண்டிக்கொண்டிருப்பவர்.

"சார், இது கேரட்டா, விறகா?"

"என்ன அளவுன்னு யாரும் சொல்லலையே."

"சூப்புக்குள்ள போறது சார். அடுப்புக்குள்ள இல்ல."

எதிரே இருந்த தையற்காரம்மா தலை நிமிரவில்லை. "விடுங்கண்ணே, புதுசு. நீங்க வந்த அன்னிக்கு வெங்காயத்தோட விரலையும் சேர்த்தே நறுக்கினீங்க. சூப்பு செவப்பா இருக்குன்னு நாலு பேர் ரெண்டாவது தரம் வாங்கிக் குடிச்சாங்க."

மேலாளர் சிரித்துவிட்டார். சிரிப்பு தொண்டையில் துருப்பிடித்திருந்ததால் இருமலாகத்தான் வெளியே வந்தது. லாரிக்காரர் முதுகில் தட்டித் தண்ணீர் கொடுத்தார். தன் முதுகை யாராவது தொட்டு எத்தனை காலமாயிற்று என்று மேலாளர் யோசிக்கவில்லை. முதுகுதான் யோசித்தது.

அதற்கப்புறம் அவர் போகாத நாள் இல்லை. பெயர் விறகு என்று நிலைத்துவிட்டது. ஓசிச் சாப்பாடு என்று நாளைக்கு யாரும் குற்றம் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, சாப்பாட்டின் மதிப்புக்கு மேலேயே பெயர் போடாமல் வங்கி மூலம் அந்த இடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். ஆகவே கணக்கில் அவர் யோக்கியர். பெஞ்சில்தான் இல்லை. நான்கு ஏப்ரன்களும் போய்விட்டால் அப்புறம் வருகிறவர்களை, "சும்மாவே சாப்பிடுங்க, பரவாயில்ல," என்று அந்தப் பெண் கூப்பிடுவாள். பாதிப் பேர் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள். மேலாளர் அதைப் பார்த்திருந்தார். பார்த்த பிறகு, கொக்கி கிடைக்காமல் போய்விடக்கூடாதே என்று இன்னும் சீக்கிரமாக வரத் தொடங்கினார்.

முன்கூடத்தில் நிறுவனர் தினமும் பேசுவார். எளிமைக்கென்றே தனியாகத் தைத்த விலையுயர்ந்த சட்டை போட்டிருப்பார். "இது உணவகம் அல்ல, ஓர் உரையாடல்," என்பார். மேஜையின் இருபுறமும் இருப்பவர்கள் வாயைத் திறக்காமல், அவரவர் செல்போனைப் பார்த்துக்கொண்டு உரையாடலைச் சாப்பிடுவார்கள். பேச்சு நடந்ததெல்லாம் உள்ளே, விதிப்பலகை தொங்காத பெஞ்சில். லாரிக்காரர் தன் கதையை வாரம் ஒரு முறையாவது சொல்லிவிடுவார். ராத்திரி முழுக்க ஓட்டி, மலை ஏறி இறங்கி, விடியற்காலையில் போய்ச் சேர்ந்து பின்னால் திறந்தால் வண்டி காலி. சரக்கு ஏற்றவே மறந்துவிட்டார். முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். "நான் சொன்னேன், மொதலாளி, சரக்குதான் இல்ல, ஆனா தார்ப்பாய் எப்படிக் கட்டியிருக்கேன் பாருங்க!" அந்த இடத்தில் பெஞ்சே குலுங்கும். தெரிந்த கதைக்குச் சிரிப்பதில் உள்ள சுகத்தை மேலாளர் அங்கேதான் கற்றார்.

விதிப்படி யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை. ஒரு நாள் பேச்சோடு பேச்சாக அவரே, "எனக்கு யாரும் இல்லம்மா," என்று தையற்காரம்மாவிடம் சொல்லியிருந்தார். அவர் அங்கே தன்னைப் பற்றிச் சொன்னது அந்த ஒன்றுதான். அது உண்மையும்கூட. மீதியை அவர்களே சேர்த்துக்கொண்டார்கள். பெரிய படிப்பு, நல்ல சட்டை, ஆனால் பாவம், நொடித்துப் போனவர்.

வம்பு அங்கிருந்துதான் வந்தது.

ஒரு காலை லாரிக்காரர் கேரட்டைத் தொடவே இல்லை. முகமெல்லாம் சிரிப்பாக உட்கார்ந்திருந்தார். "விறகு சார், உங்களுக்கு ஒரு வேலை பார்த்துட்டேன்," என்றார்.

"எனக்கா?"

"பெரிய கட்டடம். வாசல்ல வாட்ச்மேன். பின்னால ஒரு ரூம், ஃபேன், பாத்ரூம் எல்லாம் உண்டு. கண்ணைப் பத்திக்கூடக் கேட்கல, என்னைத்தான் வரச் சொன்னாங்க. நான் சொல்லிட்டேன், என்னைவிட நல்ல ஆள் ஒருத்தர் இருக்கார், படிச்சவர், அவரை எடுத்துக்குங்கன்னு. சாயங்காலம் போய்ப் பார்த்துடுங்க."

மேலாளருக்குக் கத்தி கையில் நின்றது. "நீங்க போகவேண்டியதுதானே?"

"எனக்கென்ன, மக வீட்ல ஒரு மூலை இருக்கு. மருமகன் மூஞ்சியைத் தூக்கினாலும் மூலை மூலைதான். உங்களுக்குத்தான் யாருமில்ல."

தையற்காரம்மா காலடியிலிருந்து ஒரு பையை எடுத்தாள். உள்ளே மடித்து வைத்த யூனிஃபார்ம் சட்டை. "அண்ணன் நேத்தே வாங்கிட்டு வந்துட்டார். உங்க தோளுக்குக் கண்ணளவுல பிடிச்சிருக்கேன். கை கொஞ்சம் நீளம் விட்டிருக்கு, குளிருக்கு ஆகும்."

"எனக்கு முதுகு வலி," என்றார் மேலாளர். "நிக்க முடியாது."

"உட்காரத்தான் வேலை. நாற்காலி குடுக்கறான்."

"ராத்திரிக் கண்ணு முழிக்க முடியாது."

"எந்த வாட்ச்மேன் சார் முழிக்கறான்? வெட்கப்படாதீங்க. இந்த ஏப்ரனை முதல்ல மாட்டினப்போ நானும் வெட்கப்பட்டேன். இப்ப என்ன குறைஞ்சு போச்சு?"

"இல்ல, நீங்களே போங்க."

"நீங்க போகலன்னாலும் நான் போக மாட்டேன்," என்றார் லாரிக்காரர். தார்ப்பாய் கட்டிய அதே பிடிவாதம். "உங்களை இங்க விட்டுட்டு நான் போய் ஃபேன் காத்து வாங்கவா?"

எத்தனையோ பேருடைய இழப்பீட்டு மனுக்களைச் சிரித்த முகத்தோடு நிராகரித்த மேலாளருக்கு, இந்த ஒரு சட்டையை நிராகரிக்க வார்த்தை கிடைக்கவில்லை. சும்மா இருந்தால் ஒருவருடைய பிழைப்பு போகும். வாயைத் திறந்தால் பெஞ்சு போகும். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் கேரட்டைப் பார்த்துச் சொன்னார்.

"எனக்குப் பென்ஷன் வருது. வீடு சொந்த வீடு."

லாரிக்காரர் சிரித்தார். "பங்களாவா? கார் எங்க நிக்குது?"

"கார் இல்ல. வித்துட்டேன். போறதுக்கு இடம் இல்லாததால."

சிரிப்பு பாதியில் நின்றது. தையற்காரம்மாவின் கத்தியும் நின்றது.

"அப்போ ஏன் இங்க வந்து கேரட் வெட்டறீங்க?" என்றாள்.

எந்தக் கேள்விக்கும் மூன்று பக்கத்தில் பதில் தயாரிக்கக்கூடியவர் அவர். "இங்கதான் பேசறாங்க," என்றார்.

யாரும் பேசவில்லை.

லாரிக்காரர் நல்ல கண்ணால் அவரை ஒரு முறை பார்த்தார். கோபம் என்றால் தாங்கியிருக்கலாம். கூச்சமாகப் பார்த்தார், முன்பின் தெரியாதவர் முதுகில் தட்டிவிட்டதைப் போல. "மன்னிச்சுக்குங்க சார்," என்றார். "உங்களைப் போய் விறகு, அது இதுன்னு."

அந்த 'சார்' பழைய சார். அலுவலகத்தில் எழுந்து நின்றுகொண்டு சொல்வார்களே, அது.

தையற்காரம்மா யூனிஃபார்மை மடியில் விரித்து, காய் நறுக்கும் கத்தியின் நுனியால் தோள் தையலைப் பிரிக்கத் தொடங்கினாள். லாரிக்காரருக்கு அவரைவிடத் தோள் அகலம். "ஏப்ரனைக் கழட்டி மாட்டிட்டுப் போங்கய்யா," என்றாள், பிரித்துக்கொண்டே. "வெளில ஒரு அம்மா நின்னுக்கிட்டிருக்கு. இடமில்லன்னா போயிடும்."

அவர் கழற்றினார். முடிச்சு பின்னால் இறுகியிருந்தது. தினமும் லாரிக்காரர்தான் அவிழ்த்துவிடுவார். இன்று அவராகவே தடவித் தடவி அவிழ்த்துக்கொண்டார்.

கொக்கியில் மாட்டியதுதான் தாமதம், வெளியே நின்ற பெண் அதை எடுத்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். நடந்ததைக் கேள்விப்பட்ட ஒருங்கிணைப்பாளர்ப் பெண் ஓடிவந்தாள். அவருக்காக அவள் அத்தனை நாள் பட்ட இரக்கமெல்லாம் வீணாகிவிட்ட வருத்தம் கொஞ்சம் இருந்தாலும், பென்ஷன் என்ற சொல் அதை ஈடு செய்துவிட்டது. என்ன வேலையில் இருந்தார் என்று அவரிடமே கேட்டறிந்த நிறுவனர், இரண்டு கைகளாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வட்டார மேலாளரா? இத்தனை நாள் மாறுவேஷத்தில் எங்களை ஆய்வு செய்தீர்களா? என்ன அடக்கம், என்ன அடக்கம்."

"நான் உள்ளேயே காய் நறுக்கலாமா?" என்று கேட்டார் மேலாளர்.

"உங்களைப் போன்றவர்களை அங்கே உட்காரவைப்பதா? விதி இருக்கிறதே." நிறுவனர் அன்போடு மறுத்தார். அன்போடு மறுப்பது எப்படி என்று மேலாளருக்குத் தெரியும். அதில் அவர் விருதே வாங்கியிருக்கிறார். "நீங்கள் எங்கள் கௌரவ ஆலோசகர்."

கௌரவ ஆலோசகரின் நாற்காலி நீண்ட மேஜையின் தலைமுனையில் போடப்பட்டது. மேஜையில் மற்ற எல்லோருக்கும் எதிரே ஆள் உண்டு. தலைமுனையில் உட்காருபவருக்கு எதிரே இருப்பது மேஜையின் நீளம் மட்டும்தான்.

அடுத்த வாரம் அவர் அங்கே உட்கார்ந்திருந்தபோது லாரிக்காரர் வந்தார். யூனிஃபார்ம் தோளில் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. பெட்டியில் ஏதோ போட்டுவிட்டு, பழக்கத்தில் கொக்கிப் பக்கம் நீண்ட கையை இழுத்துக்கொண்டார். இனி அவருக்கும் சமையலறை கிடையாது. மேஜையின் மறுகோடியில், சுவரோரமாக உட்கார்ந்து, சூப்பைக் குனிந்து குடித்தார். பக்கத்திலிருந்தவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது பரிமாறும் சன்னல் வழியாகத் தையற்காரம்மாவின் குரல் வந்தது. புது ஆளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். ராத்திரி முழுக்க ஓட்டி, மலை ஏறி இறங்கி... மேலாளர் கரண்டியைக் கீழே வைத்தார். மறுகோடியில் லாரிக்காரரும் வைத்தார்.

"...ஆனா தார்ப்பாய் எப்படிக் கட்டியிருக்கேன் பாருங்க!"

உள்ளே பெஞ்சு குலுங்கியது. வெளியே, மேஜையின் இரண்டு முனைகளில், இரண்டு பேர் ஒரே சமயத்தில் சிரித்தார்கள். அருகிலிருந்த பெண் மேலாளரைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் கைப்பையை மறுபக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டாள். லாரிக்காரர் கையைப் பாதி உயர்த்தினார். கூப்பிடுகிறாரா, கும்பிடுகிறாரா என்று தெரிவதற்குள், நிறுவனர் இருவருக்கும் நடுவே வந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"இது உணவகம் அல்ல."

பேச்சு வழக்கம் போல நீண்டது. நிறுவனர் நகர்ந்தபோது மறுகோடி நாற்காலி காலி. டியூட்டிக்கு நேரமாகியிருக்கும்.

மேலாளர் கரண்டியை எடுத்துச் சூப்பைக் கிளறினார். கேரட் துண்டுகள் எல்லாம் ஒரே அளவாக, மெல்லியதாக, வட்டமாக மிதந்தன. அடிவரை கிளறிப் பார்த்தார். விறகு ஒன்றுகூட இல்லை.