வெட்டுக்கிளிக்கு மூன்று நல்ல வார்த்தை

ஆர்டிஸ் டோலப்சன் அன்று விடிந்ததும் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய் வெட்டுக்கிளியைக் குளிப்பாட்டினாள். மூக்கு நுனியிலிருந்த குருவி எச்சத்தைச் சுரண்டவே முக்கால் மணி நேரம் பிடித்தது. வடக்கு டகோட்டாவின் காற்று அவளையும் ஏணியையும் சேர்த்துப் பக்கத்து மாநிலமான மினசோட்டாவுக்கே கொண்டுபோய்விடப் பார்த்தது. கணவன் ஓர்வின் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றான். முப்பத்தொரு வருடத் தாம்பத்தியத்தில் அவன் பேசியதையெல்லாம் ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம்.

நோர்லன் ஊரின் எல்லையில் நிற்கும் அந்தக் கான்கிரீட் வெட்டுக்கிளி முப்பதடி உயரம். கொள்ளுத் தாத்தாக்கள் காலத்தில் படை படையாக வந்து கோதுமையையும், கொடியில் காய்ந்த சட்டைகளையும், மண்வெட்டிக் காம்புகளையும்கூடத் தின்று தீர்த்த பூச்சி. அதற்குப் போய் யாராவது சிலை வைப்பார்களா என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால், "அவ்வளவு தூரத்துல இருந்து வந்துச்சே, பாவம்" என்று பதில் வரும்.

ஆனால் கேட்கத்தான் ஆள் வருவதில்லை. சிலை நெடுஞ்சாலையிலிருந்து இரண்டு மைல் உள்ளே இருந்தது. மாநிலச் சுற்றுலாக் கையேட்டில் பெயர் வந்தால்தான் நெடுஞ்சாலைத் திருப்பத்தில் பழுப்பு நிற வழிகாட்டிப் பலகை வைப்பார்கள். பலகை இருந்தால் கார்கள் திரும்பும். கார்கள் திரும்பினால் சிலைக்கு எதிரே இருக்கும் ஆர்டிஸின் காபிக் கடை பிழைக்கும். இல்லையென்றால் இலையுதிர் காலத்தோடு கடையை மூடிவிட்டு, ஃபார்கோவில் தங்கை வீட்டு மாடியறைக்குக் குடிபோக வேண்டும். தங்கை வீட்டில் நான்கு பூனைகள். ஒன்பது வருடமாக விண்ணப்பம் போட்டவளுக்கு, இப்போதுதான் நேரில் பார்க்க ஆள் அனுப்பியிருந்தார்கள்.

வந்தவள் ரெனாட்டா கீலெஸ். இருபத்தாறு வயது, மயாமிக்காரி, வேலையில் சேர்ந்து இரண்டு மாதம். சிலையைச் சுற்றி வந்து படமெடுத்தாள். கடைக்குள் வந்து, ருபார்ப் என்ற புளிப்புத் தண்டை வைத்துச் சுட்ட 'பை' பலகாரத்தை ரசித்துச் சாப்பிட்டாள். பிறகு நோட்டைத் திறந்து விதியைச் சொன்னாள். முப்பது மைல் வட்டாரத்துக்குள் வசிப்பவர்கள் மூன்று பேர், அந்த இடத்தைப் பற்றி ஆளுக்கொரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். அது கையேட்டில் அவரவர் பெயரோடு அச்சாகும்.

ஆர்டிஸ் இதற்குத் தயாராகவே இருந்தாள். தானியக் கிடங்கு எல்ராய் ஹாகனையும், தபால் நிலையத்து லவானையும், ஓர்வினையும் ஒரு வாரமாகப் பழக்கி, ஜன்னலோர மேசையில் உட்கார வைத்திருந்தாள். என்ன பழக்கி என்ன? நம்மூர்ச் சாமானை நாமே புகழ்வது நோர்லன்காரர்களுக்கு நடுத்தெருவில் சட்டையில்லாமல் நிற்பதைப் போல. எல்ராய் தொப்பியைக் கழற்றி, அதன் உட்புறத்தை ஆராய்ந்துவிட்டு, இதைவிட மோசமானதையும் பார்த்திருப்பதாகச் சொன்னான். லவான், சாயங்காலத்தில் நிழல் கிடைக்கும், ஆனால் அந்த நேரத்தில் நிழல் யாருக்கு வேண்டும் என்றாள். ஓர்வின் வெகுநேரம் யோசித்தான்.

"விழல," என்றான். "இதுவரைக்கும்."

ரெனாட்டா பேனாவை மூடிக்கொண்டு ஆர்டிஸைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்கம்மா. ஒன்பது வருஷமா எழுதிப் போட்டிருக்கீங்க. அதுல அப்படி என்ன இருக்கு?"

ஆர்டிஸ் வாயைத் திறந்தாள். சொல்ல வேண்டியது மூன்று பக்கத்துக்கு அவளுக்கு மனப்பாடம். சூரியன் இறங்கும்போது இறக்கைகள் தேன் நிறமாவது, வசந்தத்தில் வாத்துக் கூட்டம் அதன் தலைக்கு மேல் வட்டமடிப்பது எல்லாம் தொண்டைவரை வந்தன. பின்னாலேயே அவள் அம்மாவும், அம்மாவின் அம்மாவும், ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயமும் வந்து வழியை மறித்தன.

"அது கிடக்கட்டும்மா," என்றாள் ஆர்டிஸ். "இன்னொரு துண்டு பை வைக்கட்டுமா?"

நோட்டில் ஒன்றும் எழுதாமலே ரெனாட்டா புறப்பட்டாள். அந்த ஊரில் புறப்படுவதென்றால் அரை மணி நேர வேலை. கதவருகே ஒருமுறை, படியருகே ஒருமுறை விடைபெற்று, காரில் ஏறிய பிறகும் ஜன்னல் வழியே பேச்சு ஓடியது. அடுத்து எங்கே என்று எல்ராய் மரியாதைக்குக் கேட்டான். பதினான்கு மைல் தள்ளி வெல்பியில் ஒரு ராட்சதப் பால் கேன் இருக்கிறதாம், அதைப் பார்க்கப் போவதாகச் சொன்னாள்.

அவ்வளவுதான், எல்ராய்க்கு வாய் திறந்துகொண்டது. அந்தக் கேனின் வளைவு இருக்கிறதே, அதைச் செய்தவன் கையை முத்தமிடலாம் என்றான். பௌர்ணமியன்று அதில் உண்மையாகவே பால் நிரம்பி வழிவது போலிருக்கும் என்றாள் லவான். ஓர்வின்கூட, ஒருமுறை வேண்டுமென்றே அந்த வழியாகச் சுற்றிப் போனதாக ஒப்புக்கொண்டான். ரெனாட்டா ஸ்டியரிங் மேல் நோட்டை வைத்துப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டாள்.

கார் கிளம்பிய தூசி அடங்கும்வரை ஆர்டிஸ் அங்கேயே நின்றாள். நம்மால் நம்முடையதைத்தான் புகழ முடியாது. அடுத்தவனுடையது என்றால் அருவி மாதிரிக் கொட்டுகிறது. வெல்பிக்காரர்களும் நம் ரத்தம்தானே? வெல்பி முப்பது மைலுக்குள்தானே இருக்கிறது?

உள்ளே ஓடிப்போய், வெல்பியில் முடி திருத்தும் கடை நடத்தும் மார்லிஸுக்குப் போன் போட்டாள். ஆனால் தற்பெருமை எவ்வளவு கஷ்டமோ, உதவி கேட்பது அதைவிட ஒரு படி கஷ்டம். எனவே இருவரும் முதலில் காற்றைப் பற்றிப் பேசினார்கள். பிறகு மழையைப் பற்றி. பிறகு மார்லிஸின் மைத்துனருடைய முழங்காலைப் பற்றி. அதற்குள் ரெனாட்டா பாதி தூரம் போயிருப்பாள் என்று ஆர்டிஸ் ஜன்னல் வழியே சாலையை எட்டி எட்டிப் பார்த்தாள்.

"சுற்றுலாக்காரப் பொண்ணு ஒண்ணு உங்க பக்கம் வருது," என்றாள் கடைசியில்.

"சாப்பிட்டாளா?"

"பை சாப்பிட்டா. எங்காளுங்க உங்க கேனைப் பத்தி நாலு வார்த்தை சொன்னாங்க. இங்கதான் பேச்சு வரல."

மறுமுனையில் கத்தரிக்கோலைக் கீழே வைக்கும் ஒலி கேட்டது.

"அப்படியா?" என்றாள் மார்லிஸ். "என் கடையில ரெண்டு பேரு சும்மாத்தான் உட்கார்ந்திருக்காங்க. நானும் இருக்கேன்."

மாலை நான்கு மணிக்கு ரெனாட்டாவின் கார் திரும்பி வந்தது. கடைக்குள் வராமல் நேராகச் சிலையடிக்குப் போய் அண்ணாந்து நின்றாள். இறங்கு வெயிலில் கான்கிரீட் இறக்கைகள் தேனாகிக்கொண்டிருந்தன. கால் மணி நேரம் கழித்து உள்ளே வந்தபோது அவள் முகமே வேறு மாதிரி இருந்தது. வெல்பியில் ஒருவர், இந்த வெட்டுக்கிளியின் காலடியில் நின்றுதான் மனைவியிடம் கல்யாணப் பேச்சை எடுத்தாராம். இன்னொருவர், அதன் கண்ணைப் பார்த்தால் நம்மை மன்னித்துவிட்டது போலிருக்கும் என்றாராம். மூன்றாவது ஆளாக மார்லிஸும் சொல்ல வந்தாளாம். ஆனால் பாதியிலேயே நினைவு வந்து நிறுத்திவிட்டாளாம். அவள் பிறந்தது நோர்லனில்.

"ரெண்டுதான் ஆச்சு," என்றாள் ரெனாட்டா. "மூணாவது வேணும். அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும். இல்லன்னா அடுத்த பதிப்பு நாலு வருஷம் கழிச்சுத்தான்."

நாலு வருடம். நாலு பூனைகள். ஆர்டிஸ் கைத்துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். எல்ராய் காபிக் கோப்பைக்குள் எதையோ தேடினான். லவான் தபால் நிலையத்தைப் பூட்டினோமா என்று திடீரென்று சந்தேகப்பட்டாள். சுவர்க் கடிகாரம் நான்கு ஐம்பதைக் காட்டியது.

ஆர்டிஸ் கல்லா மேசையை இரு கையாலும் பிடித்துக்கொண்டாள். காது மடல் சிவந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்:

"வண்டிய நிறுத்தி, இறங்கிப் பார்க்கலாம்."

ரெனாட்டா அதை அப்படியே எழுதி, முழுப் பெயரைக் கேட்டுக் கீழே குறித்துக்கொண்டாள்.

ஓர்வின் தொண்டையைச் செருமினான். "ஆர்டிஸ்," என்றான் மெதுவாக, "இது கொஞ்சம் அதிகம்."

வசந்தத்தில் பழுப்புப் பலகை வந்தது. கூடவே கார்களும் வந்தன. அதன் பிறகு ஆர்டிஸுக்குக் கடையை மூட நேரமில்லை. ஆனால் கையேடு வெளியான ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஆராதனை முடிந்து எல்லோருக்கும் காபி ஊற்றும்போது அவள் தலை நிமிரவேயில்லை. படித்தோம் என்று யார் சொன்னாலும், அன்றைக்கு என்ன பேசுகிறோம் என்றே தெரியவில்லை, பெரிய மனது வைத்து மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டாள்.