கீரனேந்தல் டவுனில் ஒரு நிமிடம்

கீரனேந்தலில் மொத்தம் இரண்டு தெருவும் ஒரு உரக்கடையும்தான். ஆனால் ஸ்டேஷனுக்குப் பெயர் 'கீரனேந்தல் டவுன்'. சுதந்திரத்துக்கு முன்னால் திறந்து, மூன்றே வருடத்தில் மூடிவிட்டார்கள். ரயில் இன்னும் அந்த வழியாகத்தான் போகிறது, நிற்பதில்லை.

ஏன் மூடினார்கள் என்பதற்கு ஸ்டேஷன் மீட்புக் குழுத் தலைவர் ஆத்மநாதன் ஒரு வரலாறே வைத்திருந்தார். பஸ் முதலாளிகளின் சதி என்று நோட்டீஸ் அடித்தார். பக்கத்து ஊர்க்காரன் வயிற்றெரிச்சல் என்று டீக்கடையில் பேசினார். மகளைக் கட்டிக் கொடுத்திருந்த அறந்தாங்கிச் சம்பந்தி, "என்ன, ரயிலு வந்துருச்சுங்களா?" என்று கேட்கும்போதெல்லாம் அவருக்கு உடம்பு கூசும். ஒருதடவையாவது அந்த ஆள் முன்னால் ரயிலில் போய் இறங்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை.

கடைசியில் ரயில்வே மனமிரங்கியது. ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணி வண்டி வெள்ளோட்டமாக ஒரு நிமிடம் நிற்கும். ஆள் ஏறினால் தினமும் நிற்கும். ஏறாவிட்டால் இனிப் பேச்சே கூடாது.

ஊரே திரண்டது. தவில், நாயனம், வாழைமரம், எல்லார் கையிலும் டிக்கெட். வண்டி வந்து நின்றது. என்ஜினுக்கு மாலை போட்டார்கள். ஏறத்தான் ஒருத்தரும் இல்லை.

"ஏறுங்கய்யா!" என்று கத்தினார் ஆத்மநாதன்.

"தலைவர் மொதல்ல ஏறுங்க," என்றார் உரக்கடை அடைக்கலம், வானத்தைப் பார்த்தபடி.

ஆத்மநாதன் படியில் ஒரு காலை வைத்தார். மனைவி செவந்தி சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏங்க, ஏழரையிலேருந்து ஒம்பது ராகுகாலம். மக வீட்டுக்குப் போறோம், கொஞ்சம் யோசிங்க."

அவருக்கும் தெரியும். விடிந்ததிலிருந்து காலண்டர் பக்கம் திரும்பாமலிருக்க அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. வைத்த காலை எடுத்துக்கொண்டு கார்டிடம் ஓடினார்.

"சார், ஒம்பது மணி வரைக்கும் நிப்பாட்டி வைக்க முடியுங்களா?"

கார்டு பச்சைக் கொடியை ஆட்டினார். மாலையோடு வண்டி போய்விட்டது.

ஒன்பது அடித்ததும் அறந்தாங்கி பஸ் வந்தது. முண்டியடித்து ஏறினார்கள், ஆத்மநாதனும்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட மனுசனுக்கு ஜன்னலோர சீட்டு வேறு கிடைத்திருந்தது.

"விடுங்க, வேற நேரம் கேட்டு மனுப் போடலாம்," என்றாள் செவந்தி.

"எந்த நேரத்தைக் கேக்குறது? நாளைக்கு ராகுகாலம் மூணு மணிக்கு. நாளன்னைக்கு உச்சிப்பொழுதுல. அது கெழமைக்கு ஒரு நேரத்துல வருது, ரயிலு தெனம் ஒரே நேரத்துலல்ல வரும்?" சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். குரல் இறங்கிவிட்டது. "செவந்தி, அந்தக் காலத்துலயும் ஸ்டேஷனை மூடுனது நம்ம ஆளுகதான்."